கிழக்குச் சுவர்

“மாசக் கடைசி வரைக்கும்தான் அந்த ரூமைப் பூட்டி வச்சிருப்பேன், கலீமு. அதுக்கு மேல என்னைக் கேக்காதே. பீடி சுத்தற குடும்பம் ஒண்ணு அஞ்சு புள்ளைங்களை இஸ்துக்கினு தெனம் வந்து பாத்துட்டுப் போவுது” என்றாள் ஜைதூன் பீ.

மயிலாப்பூரிலிருந்து பஸ் மாறி, சைதாப்பேட்டை கடைத்தெருவில் இறங்கி, ஆற்றங்கரை மண்ணில் கால் புதைய நடந்து வந்திருந்தாள். அந்தக் களைப்பு உடம்பில்தான் இருந்தது, வாயில் இல்லை. புர்காவைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கலீமுல்லா புதிதாக எழுப்பியிருந்த சுவரை அடியிலிருந்து நுனி வரைக்கும் அண்ணாந்து பார்த்தாள்.

“இது இன்னாடா, வூடா ஜெயிலா?”

“கரைமேல மணல் வண்டி போவுது பெரீம்மா. வண்டிக்காரன் மேல குந்திக்கினு வருவான். அவன் கண்ணுக்கு மேல ஒரு முழம் இருந்தாத்தான் பொம்பளைங்க கோஷா மறைவு நிக்கும். அளந்துதான் வச்சேன்.”

“நல்லா அளந்தே. காக்கா எறங்கணும்னாகூட ஏணி கேக்கும்போல கீது.”

உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த ஜஹீதா சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கலீமுல்லாவுக்கு அப்போது தோன்றவில்லை. சுவரைப் பற்றிச் சொன்னது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் ஜைதூன் பீ அப்படிப் பேசவில்லை என்றால்தான் உடம்புக்கு என்னவோ என்று பயப்பட வேண்டும்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் எட்டுக் குடித்தனம் இருந்த ஸ்டோரை வீட்டுக்காரர் சார்பில் மேய்த்தவள் அவள். அதில் ஆறாம் நம்பர் அறையில்தான் கலீமுல்லாவும் ஜஹீதாவும் கல்யாணம் ஆனதிலிருந்து ஒன்பது வருஷம் இருந்தார்கள். இந்தப் பக்கம் நாலு அறை, அந்தப் பக்கம் நாலு அறை, நடுவில் நாலடி நடை. இரண்டு பக்கத்து ஓடும் நடைக்கு மேலே ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கோணிப் படுதா. கோடியில் ஒரே குழாய். எட்டு அடுப்பும் ஒன்றாகப் புகைந்தால் எதிர் அறைக்காரி முகம் தெரியாது, குரல்தான் தெரியும். ஆம்பிளைகள் வேலைக்குப் போனதும் படுதாக்களைத் தூக்கிச் செருகிவிட்டு எட்டுப் பெண்களும் அந்த நாலடி நடையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அரிசி களைவது, பேன் பார்ப்பது, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். டிராம் மணி கேட்கும் தூரத்தில் மீன், கறி, துணிக்கடை, பள்ளிவாசல். ஒரு குறையும் இல்லை, வெயிலைத் தவிர.

அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவள் கோஷா ஆஸ்பத்திரியின் லேடி டாக்டர். ஜஹீதாவின் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. இரண்டாவது மூன்று நாள் வலியில் வழி தெரியாமல் உள்ளேயே போய்விட்டது. மூன்றாவது தரித்து அஞ்சு மாசம் ஆனபோது ஜஹீதாவுக்கு இடுப்பு வலி வந்து, வாத்து மாதிரி சாய்ந்து சாய்ந்து நடக்க ஆரம்பித்தாள். டாக்டர் அவளைப் படுக்க வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, வெளியே நின்ற கலீமுல்லாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

“எலும்பு இளகிப்போயிருக்கு. இப்படியே விட்டா இந்தப் பிள்ளைக்கும் வழி கிடைக்காது, அம்மாவையும் காப்பாத்த முடியாது. மீன் எண்ணெய் எழுதித் தர்றேன். அதைவிட முக்கியம் வெயில். தினம் ஒரு மணி நேரம். முகம், கை, கால், முதுகு எல்லாத்துலயும் படணும்.”

“வெயிலா?” என்று இரண்டு தடவை கேட்டான் கலீமுல்லா. ஏழு வயதில் அப்பாவுக்குச் சாந்து குழைக்கப் போனவன். அன்றிலிருந்து வெயில்தான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. அதை மருந்து என்று ஒரு படித்த அம்மாள் சொல்கிறாள்.

மயிலாப்பூரில் எங்கே போவது வெயிலுக்கு? வீட்டுக்காரர் மாடியில் ஏறலாம் என்றால் நாலு தெருவின் மாடியும் பார்க்கும். ஒன்பது வருஷத்தில் ஜஹீதாவின் உடம்பில் பட்ட வெயிலை ஒரு உள்ளங்கையில் அள்ளிவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போனால்கூடப் படுதா கட்டின ஜட்காவில்தான்.

இரண்டு வாரம் அலைந்து சைதாப்பேட்டையில் இந்த இடத்தைப் பிடித்தான். கோர்ட்டு வக்கீல் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் ஒட்டு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, சொந்தக் கிணறு. முன்னால் ஏழடி அகலத்தில் ஒரு முற்றம். வடக்கிலும் தெற்கிலும் வக்கீலின் பழைய சுவர்கள். கிழக்குப் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. அதையடுத்து ஒரு மீன்காரியின் வாசல், முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரை, கரைமேல் வண்டிப் பாதை.

“சைதாப்பேட்டைக்கா போறே?” என்று மயிலாப்பூரில் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். “அங்க பொழுது சாஞ்சா போலீசுக்குப் பதிலா நரிதான் மச்சி ரோந்து வரும்.”

வரட்டும் என்று இருந்தான் கலீமுல்லா. குடிவருவதற்கு முன்னால் சுவர் எழும்ப வேண்டும். உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியும் சிமெண்டு கண்ட்ரோலில்தான் இருந்தது. மண் சாந்துதான் கதி. தி. நகரில் அவன் வேலை செய்த இடத்தில் மேஸ்திரியைக் கேட்டு உடைசல் கல்லைக் கூடையில் வாங்கிக்கொண்டு, தினம் சாயங்காலம் தலையில் வைத்துச் சைதாப்பேட்டைக்கு நடந்தான். வெள்ளிக்கிழமைகளில் காலையிலிருந்து ஜும்மா தொழுகை வரைக்கும் கட்டினான். மூன்று வெள்ளிக்கிழமையில் சுவர் ஆளை விழுங்கியது.

சுவர் நெஞ்சு உயரத்துக்கு வந்தபோது உடம்பெல்லாம் குத்திக்கொண்டிருந்த காலை வெயில் இடுப்புக்கு மேல் ஏறி நின்றது. தலைக்கு மேல் வந்தபோது முற்றம் முழுக்க நிழல் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த நிழலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கொண்டிருந்தான். தனக்கென்று தானே கட்டிக்கொண்ட நிழல் அவன் பிழைப்பில் அதுதான் முதல். சுகமாக இருந்தது. அவ்வளவுதான் தோன்றியது.

ஒரு சாயங்காலம் பாத்திரம், பாய், மரப்பெட்டி, ஜஹீதா எல்லாவற்றையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஸ்டோரில் ஏழு படுதாவுக்குப் பின்னாலும் அழுதார்கள். ஜைதூன் பீ மட்டும் அழவில்லை. “புடிக்கலேன்னா வந்துடு கண்ணு. ரூமை ஒரு மாசம் வச்சிருக்கேன்” என்றாள்.

அந்த ஒரு மாசத்தில்தான் இப்போது பத்து நாள் பாக்கி. டீ குடித்துவிட்டு, ஜஹீதாவின் நடையை அடுப்படி வரைக்கும் ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு ஜைதூன் பீ கிளம்பினாள். வாசலில் கலீமுல்லாவிடம், “புள்ளை இளைச்சுப் போச்சுடா” என்றாள்.

தினம் சாயங்காலம் சாப்பிடும்போது கலீமுல்லா கேட்பான்.

“இன்னிக்கு வெயில்ல இருந்தியா?”

“ம்.”

“எவ்ளோ நேரம்?”

“ரொம்ப நேரம்.”

“கை, கால், முதுகு எல்லாம் பட்டுதா?”

“பட்டுதுங்க. சோறு போடட்டுமா?”

அவனுக்கு வயிறு நிறைந்துவிடும். விடியுமுன்னால் கிளம்பிவிடுவான், விளக்கு வைத்த பிறகு வருவான். வெள்ளிக்கிழமை காலைகளில் கடைத்தெரு, நாவிதர், அப்புறம் பள்ளிவாசல். மருந்து வேலை செய்ய நாளாகும் என்று டாக்டரே சொல்லியிருந்தாள். ஆனாலும் ஜஹீதாவின் நடை இன்னும் சாய்ந்துகொண்டே போனது. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மயிலாப்பூரில் எட்டு அறைக்குக் கேட்கப் பேசுகிறவள், இங்கே கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

“உனுக்கு இங்க புடிச்சிருக்கா?” என்று ஒரு நாள் கேட்டான்.

“நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டுக் கட்டினீங்களே” என்றாள். அது பதில் என்று எடுத்துக்கொண்டான்.

தி. நகரில் பனகல் பார்க்குக்குத் தெற்கே ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஜைதூன் பீ வந்துபோன நாலாம் நாள் காலை கலீமுல்லா சாரத்தின் மேல் நின்று கல் வைத்துக்கொண்டிருந்தான். சித்தாள் கெங்கம்மா கீழேயிருந்து சாந்துச் சட்டி ஏற்றினாள். ஆறு பிள்ளை பெற்றவள். கடைசிப் பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள் சட்டி தூக்க வந்தவள். அவள் வாய்க்கு மேஸ்திரியே ஒதுங்கிப் போவார்.

“இன்னா பாய், மூஞ்சி தொங்கிப்போய்க் கீது? சைதாப்பேட்டை காத்து ஒத்துக்கலியா?”

“எனுக்கு ஒண்ணுமில்ல. வூட்லதான். இருவது நாளா வெயில்ல உக்காந்துக்கினு கீது. நடை இன்னும் மோசமாத்தான் ஆவுது.”

“வெயில்ல குந்தறதுக்குன்னு வூடு மாத்தினவன் இந்த மெட்ராஸ்லயே நீ ஒர்த்தன்தான் நைனா. எங்கையில கேட்டிருந்தா கூடை கூடையாக் குட்த்திருப்பேன். தோ பாரு, என் உச்சந்தலைல கீது. வழிச்சு எட்த்துக்கினு போ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலீமுல்லாவும் சிரித்தான்.

“அது சரி, உன் வூட்டு வாசல்ல எந்நேரத்துக்கு வெயிலு எறங்குது?”

“காலைலதான். கெயக்கு பாத்த வாசலாச்சே…”

கரணை சாந்தோடு கையில் நின்றது.

“கெயக்காலதானே சொவரு வச்சேன்னே?” என்றாள் கெங்கம்மா. “எத்தினி உசரம்?”

“பத்தடி.”

“வாசலு?”

“ஏழடி.”

கெங்கம்மா சிரிக்கவில்லை. சட்டியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வூடு கட்றவன் நீ. நான் சட்டி தூக்கறவ. இத்த நான் சொல்லணுமா உனுக்கு?”

கலீமுல்லா கரணையைச் சாந்துக்குள்ளேயே குத்திவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கினான். “மேஸ்திரி கேட்டா வூட்டுக்குப் போய்க் கீறான்னு சொல்லு.” பாதி தூரம் ஓட்டமும் பாதி தூரம் நடையுமாகப் போனான். எத்தனை தடவை இந்தப் பக்கம் ஜன்னல் வையுங்கள், காலை வெயில் வரும், குழந்தைக்கு நல்லது என்று வீட்டுக்காரர்கள் சொல்லி, அவர்கள் சொன்னபடி வைத்துக் கொடுத்திருக்கிறான்! அதெல்லாம் படித்தவர்கள் பேச்சு என்று காதோடு விட்டிருக்கிறான். வெயிலில் வேகிறவனுக்கு வெயில் எந்தப் பக்கம் வரும் என்று பார்க்கத் தோன்றுமா? எந்தப் பக்கம் வராது என்றுதான் பார்ப்பான்.

ஆற்றங்கரை ஏறும்போதே மீன்காரியின் குரல் கேட்டது. அந்தோணியம்மாள் என்று பெயர் மட்டும் தெரியும். பாலவாக்கத்திலிருந்து அவள் தம்பிமார் கொண்டுவரும் மீனைக் கடைத்தெருவில் விற்பாள். மிச்சத்தை உப்புப் போட்டு வாசலில் காயவைப்பாள்.

“எவன் பெத்த புள்ளையோ இந்தச் சொவத்தை வச்சான்! மூணு மணிக்கே என் வாசல்ல பொழுது சாஞ்சிடுது. காயப்போட்ட மீன் அத்தினியும் நெளியுது. இவன் கை வெளங்குமா? கஸ்மாலம்!”

கலீமுல்லா சுவரோரமாக நின்றுவிட்டான். காலை வெயிலை உள்ளே ஜஹீதாவுக்கு மறைத்திருக்கிறான், மாலை வெயிலை வெளியே இவளுக்கு மறைத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் கெடுத்திருக்கிறான்.

அப்போது சுவருக்கு உள்ளேயிருந்து இன்னொரு குரல் மெதுவாக வந்தது. ஜஹீதா.

“கோச்சுக்காதீங்கக்கா. எனக்கும் சொல்லணும்னுதான் இருக்கு. அந்த மனுசன் வேலைக்குப் போய்ட்டு வந்து தலைல கல்லு சொமந்து கட்டினாரு. எப்படிச் சொல்றது?”

வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தான். வெளியில் அந்தோணியம்மாள் இப்போது கோழியைத் துரத்த ஆரம்பித்தாள்.

“வேளா வேளைக்குத் துண்ணத் தெரியுது, இல்ல? இன்னிக்கு இன்னா துண்ணே, சொல்லு?”

“எங்கக்கா சாப்ட்டேன்?” என்றது உள்ளே இருந்த குரல். “நேத்து வச்ச கஞ்சி அப்படியே கீது. தனியா உக்காந்தா எறங்கவே மாட்டேங்குது.”

“போ அந்தாண்ட! உன் மூஞ்சியும் மொகரையும்!”

“என் மூஞ்சிய நீங்க எங்க பாத்தீங்க? உங்க மூஞ்சியத்தான் நான் பாத்தேனா? குரலைக் கேட்டா குண்டா இருப்பீங்கன்னு தோணுது.”

ஜஹீதா சிரித்தாள். சுவரை ஒட்டி நின்றவனுக்கே மெதுவாகத்தான் கேட்டது; வேலியோரம் இருந்த அந்தோணியம்மாளுக்கு ஒரு எழுத்தும் கேட்டிருக்காது. ஒன்பது அங்குலக் கனம். தூக்குக்குண்டு பிடித்து, இடைவெளி இல்லாமல் மண் அடைத்து வைத்த கல். எட்டி உள்ளே பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தன் பெண்டாட்டி என்ன செய்கிறாள் என்று தன் வீட்டுக்குள் பார்க்க முடியாதபடி தானே கட்டி வைத்திருந்தான்.

சுற்றிப் போய்க் கதவைத் தட்டினான். உள்ளே குரல் சட்டென்று நின்றது.

“யாரு?”

“நான்தான்.”

கதவைத் திறந்தவள் பயந்துபோனாள். “இன்னாங்க, அடி கிடி பட்டுச்சா?”

அவன் நேராக முற்றத்துக்கு வந்தான். ஒன்பது மணிக்குக் கிட்ட இருக்கும். ஊரெல்லாம் மார்கழி வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்துத் தரை மட்டும் விடியற்காலை மாதிரி ஈரமாக இருந்தது. வெயில் புதுச் சுவரைத் தாண்டி வந்து, எதிரே வீட்டுச் சுவரில், கூரைக்குக் கீழே ஒரு பட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பட்டைக்குள்ளே, சுண்ணாம்பு அடித்த வெள்ளையில், கரி படிந்த கைத்தடங்கள். ஒன்றல்ல, பத்து இருபது. ஒன்றன்மேல் ஒன்றாக.

“இது இன்னா?”

ஜஹீதா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அடுப்பு வேலை நடுவுல வருவேன். கை கழுவறதுக்குள்ள போயிடும்னு அப்படியே வச்சிடுவேன். நாளைக்குச் சுண்ணாம்பு அடிச்சிடறேங்க.”

“வெயிலுக்கா?”

“கையைத் தூக்கிக்கினு நின்னா முழங்கை வரைக்கும் படும். ஒரு கை வலிச்சா இன்னொரு கை. லுஹர் தொழுகைக்கு முன்னால கொஞ்சம் எறங்கும். தோள் வரைக்கும் வரும். அப்பறம் தெக்குச் சொவரும் கூரையும் மறைச்சிடும்.”

“ரொம்ப நேரம் இருந்தேன்னு சொன்னியே.”

“ரொம்ப நேரம்தான் நின்னேன்.”

கலீமுல்லா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். நிற்க முடியாதவள், ஏழு மாச வயிற்றோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கிக்கொண்டு இருபத்து நாலு நாள் நின்றிருக்கிறாள். அவன் கேட்ட கேள்விக்குப் பொய்யில்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்று.

“ஏன் சொல்லல?”

“எங்கப்பா எனக்கு ஒரு பாவாடை எடுத்தாந்தாரு, சின்ன வயசுல. குட்டையாப் பூட்ச்சு. அதைக்கூட நான் சொன்னதில்ல” என்றாள் ஜஹீதா. “ஆசையாக் கொண்டாந்தா எப்படிச் சொல்றது?”

“பாவாடையும் இதுவும் ஒண்ணா? டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? நீ பூட்டா நான் இன்னா பண்றது?” என்று கேட்டான். அவள் பக்கத்தில் வந்து, உட்கார முடியாமல், அவன் தலையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

“வெள்ளிக்கிழமை வண்டி கொண்டாறேன்” என்றான். “மயிலாப்பூருக்கே போய்டலாம். ஜைதூன் பீ ரூமை விடல. அங்க ஆளாவது கீது. அந்தக் கோழிகிட்ட பேசிக்கினு நீ இங்க இருக்க வேணாம்.”

ஜஹீதாவின் கை நின்றது. “கேட்டுட்டீங்களா?”

“கேட்டேன்.”

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஆறாம் நம்பர் அறையை அவள் நினைத்துப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. தூக்கிச் செருகின படுதாக்கள், குழாயடிச் சண்டை, பிடித்துப் பிடித்து இழுக்கும் ஜைதூன் பீயின் பேச்சு. போகலாம் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான். சொன்னால் அன்றைக்கே கிளம்பிவிடுவான்.

“அங்க போனா நல்லாத்தான் இருக்கும்” என்றாள். “தெனம் ராத்திரி அதைத்தான் நெனச்சுக்கினு படுக்கறேன். ஆனா அங்க வெயில் எங்கேர்ந்து வரும்? ஓடு ரெண்டும் முட்டிக்கினு நிக்குதே, அதை நீங்க இடிக்க முடியுமா? வூட்டுக்காரர் சும்மா இருப்பாரா?”

“முடியாது.”

“இதை இடிக்கலாம். இது உங்களுதுதானே.”

கலீமுல்லா நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதில்லை.

“அந்த ரூமை பீடிக்காரங்களுக்கே விட்டுடச் சொல்லுங்க. பாவம், அஞ்சு புள்ளைங்க. பெரீம்மாவ வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை வரச் சொல்லுங்க. வலி எடுக்கற மாசம் வந்து இங்கியே இருக்கட்டும். இந்தப் புள்ளைக்கு வெயில் வேணும், எனக்கு ஆளு வேணும். ரெண்டும் சொவத்துக்கு அந்தாண்டதான் கீது.”

“வண்டிக்காரன் பாப்பானே” என்றான். சுவர் வைத்ததே அதற்காகத்தான். ஜமாத்தில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதும் ஒரு பக்கம் ஓடியது.

“முக்காடு போட்டுக்கறேன். அதுக்கு மேல பாத்தான்னா பாக்கட்டும். நான் எத்தினி மாசத்துக்கு இருப்பேன், இருக்கமாட்டேன்னு டாக்டரம்மாவுக்கே தெரியல. அவன் பாத்தா இன்னா போச்சு?”

அதைக் கேட்டதும் கலீமுல்லா எழுந்தான். அடுப்படி மூலையிலிருந்து கொத்துச் சுத்தியை எடுத்தான். கிணற்றடியில் கிடந்த பீப்பாயைச் சுவரோரம் உருட்டிப் போட்டு மேலே ஏறினான்.

மண் சாந்துக்கு ஒரு குணம் உண்டு. சிமெண்டு மாதிரி பிடிவாதம் கிடையாது. தலைவரிசையில் இரண்டு தட்டுத் தட்டினதும் கல் அப்படியே கைக்கு வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மண்ணை உதறி உள்பக்கம் அடுக்கினான். தலையில் சுமந்து வந்த ஒவ்வொரு கல்லும் அவனுக்கு அடையாளம் தெரிந்த மாதிரி இருந்தது. மூணாவது வரிசை எடுக்கும்போதே, கீழே நின்ற ஜஹீதாவின் நெற்றியில் வெளிச்சம் விழுந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். கையை எடுத்து மறைக்கவில்லை.

“யாருய்யா அது, சொவத்து மேல?” என்று அந்தப் பக்கம் குரல் எழுந்தது. “ஓ, நீதானா அந்த மகராசன்! இன்னும் ஏத்தப் போறியா? வானத்துக்கே மூடி போட்ருய்யா!”

“ஏத்தல. எறக்கறேன்.”

“ஏன், இன்னா வந்துச்சு திடீர்னு?”

கலீமுல்லா அடுத்த கல்லை எடுத்தான். நடுவில் ஜஹீதா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி தட்டினான். வியர்வை கண்ணில் இறங்கியது. வெயில் முதுகை எரித்தது. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்னும் கொஞ்சம் எரிக்கட்டும் என்றிருந்தது.

சுவர் ஜஹீதாவின் கழுத்து உயரத்துக்கு வந்தபோது இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தோணியம்மாள் ஒல்லியாக, பல் நீண்டு, குச்சி மாதிரி இருந்தாள். ஜஹீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இன்னாத்துக்கும்மா சிரிக்கிறே?” என்று கேட்டவள், வேலியோரத்தை விட்டுக் கிட்ட வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்வை வயிற்றில் நின்றது. “அடி என் தாயே, மாசமாவா கீறே? இத்தினி நாளா இதுக்குள்ளயா இருந்தே? நான் வேற கண்டதையும் திட்டினேனே. ஒண்ணும் மனசுல வச்சுக்காதே, இன்னா?”

“திட்டினா இன்னாக்கா. பேச்சு சத்தமாவது கேட்டுச்சு.”

“சோறு துண்ணியா?”

“இல்லக்கா.”

“இரு. வவ்வால் மீனு கீது. கொழம்பு வச்சு எடுத்தாறேன். பாயம்மா எங்க கைல துண்ணுவே இல்ல?”

“துண்ணுவேன்” என்றாள் ஜஹீதா. அதைச் சொல்லும்போது கலீமுல்லாவைப் பார்க்கவில்லை.

அவன் பீப்பாயிலிருந்து இறங்கி நின்று சுத்தியைக் கீழே வைத்தான். “போதுமா?”

“கழுத்துக்குத்தானே வந்திருக்கு. வயித்துக்கு வர வேணாமா? இன்னும் ஏழு வரிசை எடுங்க.”

“ஏழா?”

“எட்டு.”

எட்டு எடுத்தான். முற்றத்தில் வெயில் வந்து தரையில் விழுந்தது. ஜஹீதா ஒரு பலகையைப் போட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, காலை நீட்டினாள். பாவாடையை முழங்கால் வரைக்கும் ஏற்றிக்கொண்டாள். அந்தக் காலை அவன் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, ஒரு பக்கம் லேசாக வளைந்திருந்தது.

கரைமேல் மணல் வண்டி ஒன்று கடகடவென்று வந்தது. வண்டிக்காரன் உச்சியில் உட்கார்ந்திருந்தான். புதிதாக ஒரு திறப்பு தெரிந்தால் யாருக்கும் கண் போகும், அவனுக்கும் போயிற்று. கலீமுல்லா யோசிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சுவருக்கும் ஜஹீதாவுக்கும் நடுவில் போய் நின்றான்.

ஜஹீதா அண்ணாந்து பார்த்தாள். அவன் நிழல் அவள் மடிமேல் முழுசாக விழுந்திருந்தது.

“ஏங்க,” என்றாள், “கொஞ்சம் நவுருங்க. வெயில மறைக்கிறீங்க.”

அவன் நகர்ந்தான்.